கை நீட்டின கதை

மாடிப்படியில் நான் வழுக்கி விழுந்ததில், இடது முழங்கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் கை முழுசாக நீளவுமில்லை, மடங்கவுமில்லை. பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். வலிக்கிற வேலையை யார் செய்வது? ஆனால் கை தலைக்குப் பின்னால் எட்டாததால், என் கொண்டையை வீட்டுக்காரர்தான் போட்டுவிட்டார். பட்டாளத்தில் படுக்கை சுருட்டிக் கட்டின கை. இறுக்குகிற இறுக்கில் கண்ணீர் வரும். சொந்தத் தலைமுடியை முடிய வக்கில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழைய கோல்ஃப் மட்டை ஒன்று பரணில் கிடந்தது. அதை என்னிடம் கொடுத்து, தினமும் காலையில் சோழபுரம் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்க்குக் கூட்டிப்போனார்.

"வலது முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். இடது கையை நீட்டு. பந்து போன பொறவுதான் மடக்கணும். நீட்டுட்டி!"

பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. புழுதிதான் பறந்தது. நான் அவரையும் அவர் பட்டாளத்தையும் சேர்த்துத் திட்டினேன். ஆனாலும் மறுநாள் போனேன். கொண்டை ஆசை யாரை விட்டது?

கை ஏன் வீங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "எல்லாம் எங்க வீட்டுக்காரராலதான். தினமும் கண்மாயில கை நீட்டுறதுதான்" என்றேன். சாயங்காலத்துக்குள் அது பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் என் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏன் மாப்ள, என் தங்கச்சி மேல கை நீட்டுதீகளாமே?"

இவர் பெருமையாகச் சொன்னார்: "தினமும் கை நீட்டுனாத்தான் மச்சான் இவ சரியாவா."

அண்ணன் இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். சண்டைக்கு இறங்குமுன் கொண்டையை முடிவது என் பழக்கம். இரண்டு கையையும் தூக்கி முடியைச் சுருட்டி, ஒரு சொருகு சொருகிவிட்டு, "ரெண்டு பேரும் விலகுங்க" என்றேன்.

இருவரும் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. தொட்டுப் பார்த்தேன். கொண்டை நின்றது.

அண்ணனின் பிடி தளர்ந்தது. இவர் கசங்கின சட்டையோடு என் பக்கத்தில் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"செத்த அவுத்துட்டு இன்னொரு தடவ போடுட்டி" என்றார்.