நாலாம் நம்பர் ஆட்டின் தாடை

அலவத்துகொட மஹ்மூத் 1966 பெப்ரவரி 11ஆம் திகதி பிறந்தவர். 1989 ஒக்டோபர் முதல் கண்டிக்கு அப்பால் ஒரு பல் மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்த முப்பத்தைந்து வருடங்களில் அவர் நாற்பத்தொரு சீ.ஆர். கொப்பிகளை நிரப்பியிருக்கிறார். எலி, முயல், ஆடு, எதுவானாலும் நிறை, தீனி, உடற்சூடு, குறிப்பு என்று நாளுக்கு ஒரு வரி. அழித்த இடம் ஒன்றுகூடக் கிடையாது. 2004இல் ஒரு முயலின் சூட்டை அரைப் பாகை கூட்டி எழுதிவிட்டார். கண்டுபிடித்தவரும் அவர்தான். தனக்குத் தானே ஒரு விளக்கக் கடிதம் எழுதி, அதே பக்கத்தில் ஒட்டி, பெற்றுக்கொண்டதாகவும் கையெழுத்து வைத்தார்.

2025 மார்ச்சில் டொக்டர் ஷாமலா புதிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். ஆட்டின் கீழ்த்தாடையில் பத்து மில்லிமீற்றர் எலும்பை வெட்டி எடுப்பது. அந்தப் பள்ளத்தை முட்டை ஓட்டிலிருந்து தயாரித்த தூளால் நிரப்புவது. மேலே ஒரு டைட்டேனியம் தகட்டை நான்கு ஆணிகளால் பூட்டுவது. எண்பத்து நாலாம் நாள் படமெடுத்து, பள்ளத்தில் புது எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. தாடை நொறுங்கி வரும் ஏழை நோயாளிகளுக்கு மலிவாக ஒரு வைத்தியம் கிடைக்கும். முட்டை ஓட்டுக்குக் குறைவில்லை. கன்டீனில் ஆம்லட் போடப் போட வந்துகொண்டே இருந்தது. ஆட்டுக்குத்தான் குறைவு. ஆறு தேவை, பண்ணை ஐந்துதான் கொடுத்தது.

ஆறாவதைக் கொண்டுவந்தவர் மஹ்மூத். அது அவருடைய மனைவி ரிஸ்னாவின் தம்பி அஹ்னாப், பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுப்பதற்கென்று வளர்த்த கிடாய். பன்னிரண்டு வாரம் அரசாங்கச் செலவில் சாப்பாடு என்றதும் அஹ்னாப் சம்மதித்தான். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, குறையேதுமின்றித் திருப்பித் தரப்படும்" என்று ஷாமலா கடிதம் கொடுத்தார். கத்தோலிக்கரான அவர் போன வருடக் கலண்டரைப் பார்த்தார். யூன் 17 என்றிருந்தது. எண்பத்து நாலாம் நாள் யூன் 13. தாராளமாக இடமிருக்கிறது என்று கையெழுத்திட்டார்.

அந்தப் பெருநாள் பிறையோடு நடப்பது. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும். மஹ்மூத் அன்றைக்கே குறிப்புப் பகுதியில் எழுதினார்: "பெருநாள் இம்முறை யூன் 7 அளவில்." பத்து வாரமாக அதை யாரும் வாசிக்கவில்லை. வாயால் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டார்கள். அப்படியானால் குறிப்புப் பகுதி எதற்காக இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

புதிய ஆட்டுக்கு நாலாம் கூடு கிடைத்தது. ஆகவே அது நாலாம் நம்பர். தாடையை வெட்டிய பின் முதல் பத்து நாள் கஞ்சி மட்டும். பிறகு தவிடு, பிறகு பலாவிலை. தினமும் காலை 7.40க்கு மஹ்மூத் அடிமட்டத்தோடு போய் அது எவ்வளவு வாய் திறக்கிறது என்று அளப்பார். அதன் பின் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மெல்லுகிறது என்று எண்ணுவார். பதினோராம் நாள் 22. நாற்பதாம் நாள் 61. மற்ற ஐந்து ஆடுகளுக்கும் இலையை நிறுத்துப் போட்டவர், நாலாம் நம்பருக்கு மட்டும் நிறுத்த பிறகு ஓர் இலை கூடப் போட்டார். அந்த இலையின் நிறையையும் எழுதினார்.

மே 29ஆம் திகதி அஹ்னாப் தொலைபேசியில் வந்தான். "மச்சான், பிறை பிறந்திட்டு. அஞ்சாந் திகதி ஆட்டெடுக்க வாறன்."

ஷாமலா அன்றுதான் குறிப்புப் பகுதியை வாசித்தார். வேறு ஆடு வாங்கித் தருவதாக அஹ்னாப்பிடம் கெஞ்சினார். "ரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் காட்டி வெச்சது இந்த ஆட்ட. வேறொண்ட இழுத்துக்கொண்டு போனா சிரிப்பாங்க டொக்டர்" என்றான். வேறு வழி தெரியாமல், தாடை இன்னும் சரியில்லை, குறையுள்ள ஆடு குர்பானுக்கு ஆகாதல்லவா என்றார். அஹ்னாப் யோசித்து, அப்படியானால் பள்ளிவாசல் மௌலவியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

நாலாந் திகதி பிற்பகல் 3.10க்கு ஷாமலா விலங்குக் கூடத்துக்கு வந்தார்.

"மஹ்மூத் நானா, நாளைக்கு உங்ககிட்டத்தான் கேப்பாங்க. ஆடு நல்லா சாப்பிடுதா, இல்லையான்னு."

"கேட்டா செல்லத்தானே வேணும் டொக்டர்."

"நல்லா சாப்பிடுதுன்னா ஆடு போயிரும். சாப்பிடலைன்னா எலும்பு ஆறலைன்னு ஆகும், என் ஆராய்ச்சி போயிரும். எதைச் சொல்லச் சொல்றதுன்னு எனக்கே தெரியலை."

"கொப்பில 77 எண்டு ஈக்குது."

"தெரியும். அதைத்தான் பார்த்திட்டு அழுறேன். சந்தோஷத்திலயும்தான்."

மஹ்மூத் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கணக்குப் போட்டார். அந்த ஆடு யூன் 7ஐத் தாண்டிவிட்டால், அடுத்த பெருநாள் வரை ஒரு முழு வருடம் இருக்கும். கொப்பியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். 'நன்றாக' என்ற இடத்தில் 'சிரமத்துடன்'. ரிஸ்னாவிடம் சொன்னார்.

"ஆட்டுக்காக என்ட தம்பிக்குப் பொய் செல்லப் போறீங்களா?"

"கொப்பிக்குப் பொய் செல்லணும். அதான் யோசிக்கிறன்."

"அப்ப தம்பிக்குச் செல்ற பொய் பெரிசில்ல?"



ஐந்தாந் திகதி, எழுபத்தாறாம் நாள், காலை 9.05. அஹ்னாப் வேனில் வந்தான்; கூடவே மௌலவி. நாலாம் நம்பரை வெளியே கொண்டுவந்தார்கள். வந்தபோது 34 கிலோ இருந்தது இப்போது 39 கிலோ 650 கிராம். அஹ்னாப்புக்குத் தன் ஆட்டையே அடையாளம் தெரியவில்லை. மௌலவி குனிந்து பார்த்தார். குனிகிறவரெல்லாம் அளக்க வருகிறவர்கள் என்று பழகிப்போன ஆடு, கேட்காமலே அகலமாக வாயைத் திறந்தது.

"மாஷா அல்லாஹ், உள்ளுக்கு இரும்பு மின்னுது" என்றார் மௌலவி.

"இரும்பில்ல ஹஸ்ரத், டைட்டேனியம்" என்றார் மஹ்மூத்.

"மருந்து?"

"கடைசி ஊசி போட்டு அறுபத்தாறு நாள்."

"தகடு ஈக்குது எண்டதுக்காகக் குறையில்ல. தீன் தின்ன ஏலாம மெலியிற ஆடுதான் கூடாது. பாக்க மெலிஞ்ச மாதிரித் தெரியல்ல." அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நானும் ஒரு பக்கமாத்தான் மெல்றன். மூணு மாசமா."

"வாயைத் திறங்க" என்றார் ஷாமலா, பழக்கத்தில். மௌலவியும் திறந்தார். கடைவாய்ப் பல் ஒன்று அடியோடு சொத்தை. ஆட்டின் வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்த அஹ்னாப், "ஹஸ்ரத், ஆடு பரவாயில்ல" என்றான்.

மௌலவி வாயை மூடிக்கொண்டு மஹ்மூத்தைப் பார்த்தார். "நீங்கதான் தினமும் பாக்கிறவர். ஒங்கட வாயால செல்லுங்க. நல்லாத் தின்னுதா?"

ஷாமலா நிலத்தைப் பார்த்தார். மஹ்மூத் கொப்பியை விரித்தார். எழுபத்தாறாம் நாள் வரியில் தீனி என்ற பகுதியை மட்டும் அவர் இன்னும் நிரப்பியிருக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் 9.05க்கு ஒரு வரி பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். ஆட்டைப் பார்த்தார். அது அடிமட்டம் எங்கே என்று தேடியது.

எழுதிவிட்டு வாசித்தார். "பலாவிலை இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம். மிச்சம் இல்லை. மெல்லல் நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. இரண்டு பக்கத்தாலும். நன்றாக."

"அப்ப ஆகும்" என்றார் மௌலவி.

"எழுபத்தெட்டு!" என்று ஷாமலா துள்ளினார். பிறகுதான் ஆட்டின் கயிறு அஹ்னாப் கைக்குப் போவதைக் கண்டார்.

வேனின் கதவை மூடுமுன் மஹ்மூத் மச்சானிடம் ஒன்று கேட்டார். தலையை நெருப்பில் வாட்டக் கூடாது, அவிக்கக் கூடாது. அவித்த எலும்பு ஆராய்ச்சிக்கு உதவாது. அஹ்னாப் அவரை ஒரு மாதிரிப் பார்த்து, "உம்மாவுக்குத் தலைக்கறி எண்டா உசிர். சரி, ஒங்களுக்காக" என்றான்.

ஏழாந் திகதி பெருநாள் தொழுகை முடித்து, மஹ்மூத் அஹ்னாப் வீட்டு மதிலுக்கு வெளியே 8.20 முதல் 8.55 வரை நின்றார். உள்ளே போகவில்லை. அஹ்னாப் வெளியே கொண்டுவந்து கொடுத்ததை ரிஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸோடு வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "பெருநாள் சாப்பாடா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். "தாடை" என்றார். அந்த மனிதர் அடுத்த தரிப்பிடத்தில் வேறு ஆசனத்துக்கு மாறிவிட்டார்.

திங்கட்கிழமை படம் வந்தது. பத்து மில்லிமீற்றர் பள்ளத்தில் ஒன்பது மில்லிமீற்றருக்குப் புது எலும்பு. ஆறு ஆடுகளிலும் இதுவரை எடுத்த படங்களில் இதைவிட நல்லது இல்லை. ஷாமலா கதிரையில் சாய்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். காலம் முடியுமுன் ஆராய்ச்சியிலிருந்து ஒரு விலங்கு விலகினால் நிரப்ப வேண்டியது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நோய், காயம், மரணம், மூணுதான் அச்சடிச்சிருக்கு. எதுல போடுவீங்க?"

மஹ்மூத் மூன்றையும் இரண்டு தடவை வாசித்தார். மூன்றையும் அடிமட்டம் வைத்து வெட்டினார். கீழே, அழிக்க வேண்டிய அவசியம் வராதபடி மெதுவாக எழுதினார்: "பூரண குணம்."