உப்புக்காரியின் பக்கம்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் சகாயமேரி பதினாறு வருஷமாக டெக்னீஷியன். ஊசி குத்தி ரத்தம் எடுத்து பஞ்சை வைத்து அழுத்துவதற்குள், எதிரில் இருப்பவர் எந்த ஊர், இந்த வருஷம் காட்டில் என்ன போட்டிருக்கிறார், மருமகள் எங்கிருந்து வந்தாள் என்பது வரை கேட்டு முடித்துவிடுவாள். வம்பு பேசுவதற்கு இல்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. நாற்பத்தோரு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நீங்க ஏன் பண்ணிக்கிட்டீங்க?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் திருப்பிக் கேட்பாள். கேட்டவர் யோசித்துக்கொண்டே போய்விடுவார்.

பகடை உருட்டிக் கதை சொல்லும் ஓர் ஆட்டத்தை அவளுக்கு அறிமுகப்படுத்தியது பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தி மகள் பிளசி. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். பிளசியின் அறையில் ஒரு மதியம் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டு, "அடுத்து என்ன நடக்கும்னு நடத்துறவங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டாள் மேரி. தெரியாது என்றாள் பிளசி. மேரிக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் திரும்பும்போது பையில் ஒரு செட் பகடை இருந்தது.

ஆட்டத்துக்கு ஆள் சேர்க்க ஆறு மாதம் பிடித்தது. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கும் கலைமணி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சரான பிரியதர்ஷினி, திருவண்ணாமலை ரூட் தனியார் பஸ்ஸில் கண்டக்டரான மாதேஷ். மூவரும் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்து பேச்சில் மாட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு லேப் மூடிவிடும். மூன்று மணிக்கு அதே மேசையில் ஆட்டம். கதை நடத்துகிறவரை என்னவென்று கூப்பிடுவது என்ற பேச்சு முதல் நாளே வந்தது. "நடத்துநர்" என்றார் கலைமணி.

"அது என் வேலைங்க," என்றான் மாதேஷ்.

ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்தது.

கதை வளர வளர மேரியின் நோட்டுப் புத்தகம் தாங்கவில்லை. பிளசி சொல்லி, அதற்கென்றே இருக்கும் ஒரு ஆப்பைப் போனில் ஏற்றினாள். கதையில் வரும் ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கும் அதில் தனித்தனிப் பக்கம். வரைபடம் உண்டு, போன வாரம் நடந்ததன் சுருக்கம் உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நடத்துநருக்கு மட்டும்' என்று ஒரு ரகசியப் பெட்டி. அதில் எழுதுவது ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. பார்த்த ஆட்களைப் பற்றி அவர்களும் குறிப்பு எழுதட்டும் என்று அனுமதி கொடுத்தாள். மூவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்கச் சோம்பல்பட்டு, 'ஆட்டக்காரர்' என்ற ஒரே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டாள்.

கதை இதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சிமலை என்றொரு மலை. ஏறிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க மூவரும் கிளம்பியிருக்கிறார்கள். மேரி யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மஞ்சிமலைப் பக்கத்தின் ரகசியப் பெட்டி காலியாகக் கிடந்தது. ஏன் திரும்பவில்லை என்று அவளுக்கும் தெரியாது.

கதையில் பரிசல் துறைக்கு வந்து சேர்ந்த நாள் மாதேஷ், "பக்கத்துல யார் நிக்கிறாங்க?" என்று கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னாள் மேரி: உப்பு விற்கிற பொம்பளை, பேர் நாகம்மா. மறக்காமல் ஆப்பில் ஒரு பக்கம் திறந்து ஒரே வரி எழுதினாள். 'நாகம்மா. உப்புக்காரி. அதிகம் பேசமாட்டாள்.'

அந்த வியாழக்கிழமை பஸ்ஸில் வரும்போது ஆப்பைத் திறந்தவள் திகைத்துப்போனாள். அந்த வரிக்குக் கீழே இன்னொன்று இருந்தது.

'அவளுக்கு மூன்று பாஷை தெரியும். எதில் ஆரம்பிப்பது என்று எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்.'

எழுதியவர்: ஆட்டக்காரர். செவ்வாய், காலை 11.20.

மேரி அதை மூன்று முறை படித்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. அடுத்த செவ்வாய் இன்னொரு வரி வந்தது. 'இடது செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். சுமை அந்தப் பக்கம்.' அதற்கடுத்த செவ்வாய்: 'உப்பை அளக்கும்போது ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணுவாள். மற்றதெல்லாம் தமிழ்தான்.'

யார் இது? செவ்வாய் பதினொன்று இருபதுக்கு பிரியதர்ஷினி வகுப்பில் இருப்பாள். கலைமணிக்கு ஆபீஸ். மாதேஷ் ஓடும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பான். வாய்விட்டுக் கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டால் எழுதுவது நின்றுவிடுமோ என்று பயந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வலை விரித்தாள். கதையில் நாகம்மாவைக் கொண்டுவந்து, உப்பை அளக்கவிட்டு, "ஒந்து, எரடு, மூரு" என்று எண்ணிவிட்டு மூன்று முகங்களையும் பார்த்தாள். பிரியதர்ஷினி குறித்துக்கொண்டாள். கலைமணி, "கன்னடம் எதுக்குங்க?" என்றார். மாதேஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க வூட்ல எண்ற மாதிரியே இருக்குதுங்க மேரிக்கா! என் சம்சாரம் காவேரிக்குப் பொறந்த ஊரு ஏரியூர்ப் பக்கம். பேச்செல்லாம் தமிழ்தான். எண்றது மட்டும் கன்னடம்."

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. மேரி பகடையை உருட்டுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"ஆப்பை எந்தப் போன்ல வெச்சிருக்கீங்க மாதேஷ்?"

"பழைய போன்லங்க. வூட்லயே கெடக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்தாருவேன்."

"ஒரு நாள் காவேரியையும் கூட்டிட்டு வாங்களேன்."

"அதுக்கு இதெல்லாம் எங்கங்க புரியப்போகுது," என்றான் அவன், கெட்ட எண்ணம் இல்லாமல்தான்.

அவனிடம் உடைத்துச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அது தான் சொல்ல வேண்டிய சேதி இல்லை என்று மேரிக்குப் பட்டது. அன்று சாயந்திரமே நாகம்மாவின் பக்கத்தில் எழுதினாள்: 'நாகம்மா மஞ்சிமலைக்குப் போயிருக்கிறாளா?'

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. 'போயிருக்கிறாள். எதற்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.'

'ஞாயிறு மூன்று மணிக்கு நாகம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்' என்று உடனே எழுதினாள் மேரி.

அந்த ஞாயிறு நாற்காலி காலியாகவே இருந்தது. பிரியதர்ஷினி அதில் கைப்பையை வைத்தாள். செவ்வாயன்று, 'நாகம்மாவுக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை' என்று வந்தது. 'அப்படியானால் நின்றுகொண்டு பேசட்டும்' என்று எழுதிவிட்டு, ரொம்பத் துரத்துகிறோமோ என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள் மேரி.

அடுத்த ஞாயிறு ஆட்டம் பாதியில் இருந்தபோது லேப் கதவை யாரோ தட்டினார்கள். நீலச் சேலை, கையில் சார்ஜர். வயது முப்பத்தைந்து இருக்கும்.

"இத மறந்துட்டு வந்துட்டீங்க," என்றாள் மாதேஷிடம்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்று ஆச்சரியப்பட்டான் அவன். கொடுத்துவிட்டு அவள் போகவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

மூவரும் அப்போது மஞ்சிமலை வாசலை எட்டியிருந்தார்கள். மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசல் காவலாளியின் குரலை எடுத்துக்கொண்டு, மாதேஷின் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டாள்:

"நீங்க மூணு பேரும் புதுசு. பின்னால நிக்கிற நாகம்மாவை எனக்குத் தெரியும். ஏன்மா, நீ எதுக்கு இங்க வர்றே?"

மாதேஷ் திரும்பிப் பார்த்தான். காவேரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"உப்பு குடுக்கத்தாங்க," என்றாள். "வருசத்துக்கு ரெண்டு வாட்டி வரேன். மேல போனவங்க யாரும் சாகலைங்க. நல்லாத்தான் இருக்காங்க. கீழ இருந்தப்ப அவங்கள யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இங்க கேக்கறாங்க. அதான் எறங்கல."

கலைமணியின் பேனா நின்றுவிட்டது. பிரியதர்ஷினி பகடையை எடுத்து நீட்டினாள். "உருட்டுங்க. உண்மையான்னு பாக்கணும்."

"உண்மையச் சொல்றதுக்கு எதுக்குங்க பகடை?" என்றாள் காவேரி.

மேரி போனை எடுத்து, எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்த பெட்டியில் அவள் சொன்னதை அப்படியே எழுதினாள். இதைவிடச் சரியான பதில் தனக்கு வந்திருக்காது என்று தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மாதேஷுக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. "இதையெல்லாம் நீ எப்ப படிச்ச?"

"நீங்க டூட்டிக்குப் போனப்புறம். செவ்வாக்கிழமை எனக்கு களையெடுக்கற வேலை இருக்காது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆட்டத்த முடிச்சிட்டு வந்து யாரு ஜெயிச்சாங்கன்னு மட்டும்தான் சொல்வீங்க."

அவன் முகம் சுருங்கியது. தேநீர் வாங்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போனான். கோபமாகப் போய்விட்டானோ என்று மேரி பயந்தாள். காவேரியும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து ஐந்து கிளாஸ் டீயோடு வந்தான். காலி நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து பிரியதர்ஷினியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு," என்றான். அப்புறம் என்ன நினைத்தானோ, "உக்காருங்க நாகம்மா," என்று திருத்திக்கொண்டான். காவேரி சிரித்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் மேரி நால்வருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தாள். மாதேஷ் இப்போது பஸ்ஸில் பார்க்கும் ஆட்களைப் பற்றி வீட்டில் சொல்கிறானாம். கதைக்கு உதவும் என்று காவேரி கேட்கிறாளாம். மஞ்சிமலைக் கதை பொங்கலுக்கு முன்பே முடிந்தது.

போன வாரம் காவேரி லேபுக்கு வந்து, அடுத்த கதையைத் தானே நடத்தட்டுமா என்று கேட்டாள். மேரி உடனே ஆப்பில் அவளை நடத்துநராக மாற்றிக் கொடுத்தாள். புதிதாக ஏழு பக்கங்கள் முளைத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ எழுதியிருக்கிறாள். என்னவென்று மேரியால் பார்க்க முடியாது. வரைபடத்தில் ஒரு ஏரியும் அதன் நடுவில் ஒரு வீடும் மட்டும் தெரிகின்றன. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று, ரத்தம் எடுக்கும்போதுகூட யோசித்துக்கொண்டிருக்கிறாள் சகாயமேரி.