கற்றை அறைக்கு நான் திரும்பியது

கர்ப்பம் உறுதியான அன்றே பாதுகாப்பு அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது விதி. அதன்பின், கதிர்வீச்சு இருக்கும் என்பதால், அயனிக் கற்றை ஓடும் அறைக்குள் நான் போகவில்லை. வெளியே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். பதினோராவது வாரம் அலிப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. இப்படி ஆவதுண்டு, காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் கணவர் மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். உள்ளே நுழைய மறுபடியும் ஒரு படிவம். ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று அதில் ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று அதிகாரியைக் கேட்டேன். என்னைவிட இளையவர். தலை நிமிராமல், “நாட் அப்ளிகபிள், மேடம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பொருந்தாது என்று. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெரிய மின்காந்தத்தின் நடுவே எங்கள் உணர்கருவி இருந்தது. உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் ஏராளம். கற்றை எவ்வளவு அகலம், எங்கே அடர்த்தி என்று அது காட்ட வேண்டும். காந்தம் அணைந்திருந்தால் காட்டும். காந்தத்தைப் போட்டதும் திரை இருண்டுவிடும். நான் உள்ளே போகாத வாரங்களில் யாராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

டெக்னீஷியன் ஓய்வுபெறப் போகிற வங்காளி. எல்லோருக்கும் ‘தாதா’, அதாவது அண்ணன். பித்தளை ஸ்பேனரை நீட்டிக்கொண்டே, “ஷொரீர் கேமொன்?” என்றார். உடம்பு எப்படி என்கிறார்.

“பாலோ,” என்றேன், நன்றாக இருக்கிறது என்று.

துளைகளின் சாய்வு காந்தப்புலத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதே எனக்குத் தோன்றியிருந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்துக் கணவர் அப்போது முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தட்டைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தாதாவும் நானும் கற்றை ஓடும் குழாயைத் திறந்து, தட்டைச் சில டிகிரி திருப்பி இறுக்கினோம். குழாயிலிருந்து மறுபடி காற்றை வெளியேற்ற இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மதியம், காந்தம் முழு வலுவில் இருக்க, திரையில் ஒரு வளைகோடு எழுந்தது. நடுவில் உயர்ந்து இருபக்கமும் சீராகச் சரிந்தது. தாதா கைதட்டினார். சந்தேஷ் வாங்கிவந்து என் கையில் ஒன்றை வைத்து, “காவோ, காவோ,” என்றார். தின்றேன். இனிப்பு என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

கணவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

“வேலை செஞ்சுது.”

“எது?”

“டிடெக்டர்.”

“பஸ்ல வராத. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்,” என்றார்.

வந்தார். வீட்டில் அவர் குக்கர் வைத்தார். முதல் விசில் வருவதற்குள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் தூங்கிப்போயிருந்தேன்.