கத்திரியில் ஓட்டிப் பார்க்காத வண்டி

செம்மண்டலத்தில் ஞானராஜை எல்லாரும் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். காரின் வேகத்தைக் கூட்டித் தரும் மெக்கானிக்குக்கு வாய்த்த பட்டம் அது! லேப்டாப்பைச் செருகி, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், அதைப் பற்றவைக்கும் பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று திருத்துவார். பொறியைக் கொஞ்சம் முந்தி வைத்தால் கார் பாயும். அளவு மீறினால் வெயில் சூட்டில் எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டும், பிஸ்டன் உடையும். அதனால் உச்சி வெயிலில் சிதம்பரம் ரோட்டில் சூடேற ஓட்டிப் பார்ப்பார். தட்டல் கேட்டால் பொறியைப் பின்னுக்குத் தள்ளி, பெட்ரோலைத் தாராளமாக விட்டுத்தான் சாவியைத் தருவார். மழைக்காலத்தில் வந்த வண்டி என்றால் கத்திரி வெயிலுக்கு மறுபடி கொண்டுவரச் சொல்லி உயிரை எடுப்பார்.

தங்கச்சி புருசன் மரிய அருள் மார்கழிக் குளிரில் வந்தார்.

"மச்சான், கிறிஸ்மஸுக்கு வண்டி பறக்கணும். ஊரானுக்குக் குடுக்குற மாதிரி எனக்கும் அடக்கிக் குடுக்காத."

வீட்டு மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல ஞானராஜுக்கு நாக்கு எழவில்லை. பொறியை வழக்கத்தைவிட இரண்டு டிகிரி முந்தி வைத்தார். பனிக்காற்றில் எஞ்சின் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. கத்திரிக்கு முன்னால் குறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். சித்திரையில் மற்ற வண்டிக்காரர்களை எல்லாம் போன் போட்டுக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வண்டி வீட்டு வண்டிதானே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு ஞாயிற்றுக்கிழமையை விட்டார். பாவி மனுஷன், ஊர் வண்டிக்கு இருந்த அக்கறை வீட்டு வண்டிக்கு இல்லாமல் போனது.

மே மாதம், மத்தியானம். சிதம்பரம் போகும் வழியில் லாரியை முந்தும்போது பிஸ்டன் உடைந்து எஞ்சின் நின்றது. எதிரே பஸ் வந்துவிட்டது. மரிய அருள் வீடு திரும்பவில்லை.

பெட்ரோலில் கலப்படம் என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. ஞானராஜ் வாயைத் திறக்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் தங்கச்சி சவரிமேரியே கேட்டாள்.

"அண்ணே, பெட்ரோல்தானே?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவரால் ஆகவில்லை.

"இல்லம்மா. நான் வெச்சது ஜாஸ்தி. வெயில்ல பாக்காம உட்டுட்டேன்."

சவரிமேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அழவில்லை.

"ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? அவுரு போனாலும் அண்ணன் வீடு இருக்குன்னு நெனச்சிருந்தேன். இனிமே நான் யார் வீட்டுக்குப் போவேன்?"