பாசிக் குளத்தில் என் உத்தியோகம்

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் ஒருவன் நிம்மதியாக உட்கார்ந்து சம்பளம் வாங்கினால், அவன் மேல் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? இப்படிப்பட்ட உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளில் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் சாக்கடை வந்து சேரும் குளத்தில் பாசி வளர்ப்பது என் வேலை. பாசி அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும். வழித்தெடுத்த பாசியைச் சாணத்தோடு டிரம்மில் அடைத்தால் எரிகிற காஸ் வரும். எல்லாம் ஒரு வருஷச் சோதனைதான். தேறாவிட்டால் குளத்தை மூடிவிட்டு என்னைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்ட அப்பாவின் இருமலைத் தினமும் கேட்டவன் நான். கீழே போக எனக்குப் பயம்.

பாட்டில்

வாரம் ஒரு தடவை குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆஸ்பத்திரி லேபுக்குக் கொண்டுபோவேன். வழியில் சுரங்க கேட் வாட்ச்மேன். டிபன் பாக்ஸ், செருப்பு, தலைமுடி என்று எல்லாவற்றிலும் திருட்டுத் தங்கம் தேடிப் பழகியவர். ஒரு நாள் துண்டை விரித்து மொத்தத் தண்ணீரையும் வடிகட்டிவிட்டார். துண்டில் பச்சைச் சேறுதான் மிச்சம். மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். முகம் இன்னும் கறுத்தது.

"ஒண்ணுமே இல்லாத தண்ணிய எதுக்குப்பா இம்மாம் பத்திரமா எத்துனு போற?"

எருமை

லைன்காரர்களுக்கு வேறு சந்தேகம். தங்கம் பிரிக்கிற சயனைடுதான் குளத்தைப் பச்சையாக்கியது என்று. ஒரு நாள் லைனில் பால் ஊற்றும் குப்பம்மாவின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டது. லைனே கூடி, அது எப்போது விழும் என்று காத்திருந்தது. விழவில்லை, மறுநாள் ஓர் ஆழாக்கு அதிகமாகவே கறந்தது. பாலை வாங்கத்தான் ஆளில்லை. குப்பம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"செத்திருந்தாகூட மனசு ஆறிப்பூடும். சாவாம கீதே, அதான்பா பயமா கீது!"

டீ

டிரம்மில் காஸ் சேர்ந்ததும், ஷிப்ட் முடித்து வந்த நாலு பேரைக் கூப்பிட்டு அதில் டீ போட்டேன். ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. நாலு டீயையும் நானே குடித்தேன். மூத்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஸுன்னா கீழ ஆளையே சாய்ச்சிடும். நீ இன்னாடான்னா அதுல டீ போட்டுத் தர்ற!"

அதிகாரி

வருஷக் கடைசியில் முடிவு சொல்லப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். குளத்துப் பக்கமே வராமல் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டார். பாசி நீக்கி மணலில் வடித்த தண்ணீரை டம்ளரில் கொண்டுபோய் நீட்டினேன். பளிச்சென்று இருந்தது. அதுதான் நான் செய்த தப்பு. "இது பேத்தமங்களா ஏரியிலேர்ந்து வர்ற குழாய்த் தண்ணி. யார் காதுல பூ சுத்தறே?" என்று எரிந்து விழுந்தார். என்னை அங்கேயே உட்காரவைத்து, தன் ஜீப் டிரைவரிடம் பாட்டிலைக் கொடுத்துக் குளத்து மதகில் பிடித்துவர அனுப்பினார். எனக்குச் சந்தோஷம்தான், உண்மை தெரிந்துவிடுமே!

லேப் ரிப்போர்ட் வந்தது. கிருமியே இல்லையாம். குளம் பிழைத்தது, என் வேலை நிரந்தரமானது. அப்பா அன்றைக்கு அழுதுவிட்டார்.

சில மாதம் கழித்து ஊரிகம் ரயில் ஸ்டேஷனில் அந்த டிரைவரைப் பார்த்து, "எல்லாம் உங்க புண்ணியம்ணா" என்று கும்பிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பிளாட்பாரக் குழாயைக் காட்டினார்.

"அந்தக் கக்கூசு தண்ணில எவன்பா கைய வெப்பான்? இதோ, இங்கதான் புடிச்சேன்."

அதற்குள் ரிப்போர்ட்டைக் கேள்விப்பட்டு ஊரே என் குளத்தை நம்ப ஆரம்பித்துவிட்டிருந்தது. சந்தேகப்பட மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான்.