பச்சைக் கோடு ஓடிய வில்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை முடிந்து நான் ஆசிரியர் அறைக்குள் வந்தபோது, "றெஜினா அக்கா மோசம் போட்டாவாம்" என்று ஒருவர் மரணச் செய்தி சொன்னார். கையிலிருந்த கொப்பிகளை மேசையில் வைக்கவும் மறந்து நின்றேன். கோப்பாயில் எங்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். பிள்ளைகளுக்கு அவர் 'வில் அக்கா'.

வில்வித்தை அணியின் பயிற்சிக்கு வில்லுகள் போதாதபோது, பூவரச மரத்தில் செய்து தந்தவர் அவர்தான். குருநகரில் வள்ளம் கட்டும் குடும்பம். பூவரசின் நடுவிலுள்ள வைரம் பாய்ந்த கருஞ்சிவப்பு மரம் வில்லின் உட்பக்கமும், வெளிறிய மஞ்சள் மரம் வெளிப்பக்கமும் வரும்படி சீவுவார். "வெள்ளை இழுபடும், கறுப்பு நெரிபடும். புருசன் பெண்சாதி மாதிரி, ரெண்டும் சண்டை பிடிக்காட்டித்தான் அம்பு போகும்" என்பார். கலியாணமே செய்யாதவர் சொல்வதால் எல்லோரும் சிரிப்போம்.

ஒரு வில்லில் மட்டும் பச்சையும் ஊதாவும் கலந்த கோடொன்று ஓடியது. எனக்கு அது மயிலிறகுபோல இருந்தது.

"வடிவெண்டு பாக்காதேங்கோ ரீச்சர். உது வடிவோ, மரத்துக்கு வந்த வருத்தமோ எண்டு எனக்கே தெரியேல்லை. ஒரு மாரி கழியட்டும்."

அதை அலுமாரிக்கு மேல் தனியே வைத்தார்.

அணிக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள். நியமனம் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதிகாரிகள் வருகிறார்கள், வில்லுகள் ஒரே நிறத்தில் இருக்கட்டும் என்றார் அதிபர். கோயில் திருநாளுக்காக அக்கா லீவில் நின்றார். நான் எல்லாவற்றுக்கும் கபில நிற வார்னிஷ் பூசினேன். ஒரு வில் குறைந்தது. அலுமாரி மேலிருந்ததையும் எடுத்துப் பூசினேன். கோடு மறைந்துவிட்டது.

பூசிய இரண்டாம் நாள் மைதானத்தில் அந்த வில் முறிந்தது. சிராய் தெறித்து ஒரு மாணவியின் புருவம் கிழிந்தது. லீவு முடிந்து வந்திருந்த அக்கா முறிந்த துண்டை எடுத்தார். உள்ளே பச்சையாய் உக்கிப் பொடிந்திருந்தது. வார்னிஷை நகத்தால் சுரண்டிவிட்டு என் கைகளைப் பார்த்தார். என் நகக்கண்களில் கபிலம் இன்னும் போகவில்லை.

"உதை ஆர் குடுத்தது?" என்று அதிபர் கேட்டார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"நான்தான் சேர். மாறிப்போச்சு" என்றார் அக்கா.

"மரம் தெரியாதவளுக்கு ஏன் உந்த வேலை?" என்று மாணவியின் தாய் எல்லோர் முன்னும் கேட்டார். அக்கா தலை குனிந்து நின்றார். பின்னேரம் ஆய்வுகூடத்தில் நான் அழுதபோது, "எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம். உங்களுக்கு இப்பதானே வேலை. ஆனா ரீச்சர், இனி மரத்துக்குப் பவுடர் போடாதேங்கோ" என்றார்.

அவரை வில் செய்ய வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஓய்வுபெறும்வரை சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை அவர் மீண்டும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

குருநகரில் செத்தவீட்டில், "நல்ல மனுசி. அந்த வில் விசயம் ஒண்டுதான்..." என்று யாரோ கதைத்தார்கள். அங்கேயும் பேசாமல் திரும்பி வந்தேன்.

அதனால் அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த வில்லைக் கொடுத்தவள் நான். றெஜினா அக்கா அதை விலக்கித்தான் வைத்திருந்தார். அவர் எனக்குத் தந்ததென்று எதையாவது சொல்வதானால், ஐந்து வருடம் என் பிழையைத் தன்னுடையதாக வைத்திருந்ததைத்தான் சொல்லவேண்டும். அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.